ஏழு மணி அளவு

எங்கள் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் இருந்தவர் அந்நிய நாட்டுக்கு உளவு சொல்கிறவர் என்று நான் பதினோரு நாள் உறுதியாக நம்பினேன். நம்பியதைச் சொல்ல வெட்கமில்லை. அந்தப் பதினோரு நாளும் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் வெட்கம். ஆதார் அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள், அப்போதும் எனக்குத் தெரியாது. டில்லியிலிருந்து அதிகாரிகள் வந்து என்னை விசாரிக்கப் போகிறார்கள் என்று, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று எனக்குத் தெரிந்த இந்தி மொத்தத்தையும் ஒத்திகை பார்த்தேன். மொத்தம் என்றால் இரண்டு சொல். மாலூம் நஹி. தெரியாது என்று அர்த்தம்.

அவர் தினமும் காலையில் எல்லை தாண்டி என்ன பேசினார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை பொத்தி வைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. சர்க்கரை. ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையின் அளவு. அதுவும் அவருடையது அல்ல.

நான் தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அப்பா காலத்தில் நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த குடும்பம். கீழ்வீட்டுக்காரரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். மத்திய சர்க்காரில் ஆறுகளை அளக்கிற வேலை பார்த்து, ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு தனியாக வந்து எங்களுக்குக் கீழே குடியேறினார். தெருவே அவரை சார் என்றது. நான் அண்ணாச்சி என்றேன். இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால், எழுதினதை அவரும் ஒருமுறை பார்த்தாரா என்று கேட்பார்.

அந்தக் கேள்விதான் அவர். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

கங்கை, எல்லை தாண்டி வங்கதேசத்துக்குள் போனதும் பத்மா என்று பெயரை மாற்றிக்கொள்கிறது. ஆற்றில் தண்ணீர் குறையும் ஜனவரியிலிருந்து மே வரை யாருக்கு எவ்வளவு என்று இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தம் இருக்கிற இடத்தில் சந்தேகமும் இருக்கும். எனவே அந்த ஐந்து மாதமும் நம் ஆட்கள் சிலர் அந்தப் பக்கம் போய் ஒரு பாலத்தடியில் நின்று ஆற்றை அளப்பார்கள். அவர்கள் ஆட்கள் சிலர் இந்தப் பக்கம் வந்து நம் தடுப்பணையில் நின்று அளப்பார்கள். அண்ணாச்சி ஒன்பது கோடை அந்தப் பாலத்தடியில் நின்றவர். அவரோடு அதே ஒன்பது கோடையும் நின்றவர் அந்த நாட்டுக்காரர் ஒருவர். அண்ணாச்சி அவரைப் பாய் என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அளக்கிற முறை இது. ஆற்றில் அடையாளம் போட்ட கம்பம் நிற்கும். ஒருவர் அளவைப் பார்த்து உரக்கச் சொல்வார். மற்றவர் தானும் பார்த்துத் திரும்பச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டு நோட்டிலும் அதே எண்ணை எழுதி, இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் ஒன்றாகும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

"ஒத்தைக்குப் பாத்தது அளவு இல்ல தம்பி. அது அபிப்பிராயம்" என்பார் அண்ணாச்சி.

வேலையோடு இதை விட்டுவிட்டு வந்திருந்தால் நான் எழுத ஒன்றுமிருக்காது. அவர் அதைச் சாலைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தராசு முள்ளை வாழைக்காய்க்காரரும் அவரும் சேர்ந்து பார்த்து, இரண்டு பேரும் சொன்ன பிறகுதான் காய் பைக்குள் விழும். வாழைக்காய்க்காரர் சிலநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "சாரே, ஒரு காய் கூடுதல் எடுத்தோ. எனிக்கு வாசிக்கான் வய்யா" என்பார், முள்ளை வாசிக்கத் தன்னால் ஆகாதென்று. அண்ணாச்சி கூடுதல் காயைத் திருப்பி வைப்பார்.

ஒருமுறை என் மகளுக்குக் காய்ச்சல். விசாரிக்க மாடிக்கு வந்தவர், "எவ்வளவு இருக்கு?" என்றார்.

"நூத்தியொண்ணு அண்ணாச்சி" என்றாள் என் மனைவி.

"ஆரு பாத்தது?"

"நான்தான்."

"இவன் பாத்தானா?"

இவன் பார்க்கவில்லை. எனவே இவன் பார்க்க வேண்டியதாயிற்று. பாதரசக் கோடு எனக்கு எப்போதும் கண்ணாமூச்சி காட்டும். ஜன்னல் பக்கம் திருப்பி, விளக்குப் பக்கம் திருப்பி, நூறு என்றேன். மனைவி நூற்றியொன்று என்றாள். போர்வைக்குள்ளிருந்து மகள் கேட்டாள்: "நீங்க ரெண்டுபேரும் பேசித் தீர்த்த பெறகு நான் மாத்திரையை முழுங்கலாமா?"

எனக்கு அவர் பழக்கமானதே ஒரு தண்ணீர்ச் சண்டையில்தான். மாடிக்கும் கீழுக்கும் மொட்டை மாடியில் ஒரே தொட்டி. கோடையில் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் வரும். தொட்டி காலியான நாளெல்லாம் நான் கீழே பார்த்து முறைப்பேன், அவர் வீட்டு வேலைக்காரி மேலே பார்த்து முறைப்பாள். கடைசியில் ஒருநாள் நான் படியிறங்கிப் போய், மேல்தளத்துக்காரன் என்ற முறையில் எனக்குள்ள உரிமைகளை ஒரு சொற்பொழிவாக எடுத்துரைத்தேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு உள்ளே போய் மரச்சட்டம் ஒன்றையும் பெயிண்டையும் எடுத்து வந்தார்.

சட்டத்தில் கோடு போட்டுத் தொட்டிக்குள் நிறுத்தினார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் அவரும் ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். பேச வேண்டாம், பார்த்தால் போதும்.

முதல் நாள் நான் நாற்பத்திரண்டு என்றேன். அவர் நாற்பத்துமூன்று என்றார். "சரி அண்ணாச்சி, நாப்பத்துமூணே இருக்கட்டும்" என்று இறங்கப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் நிற்பது என் உடம்புக்கு ஏற்ற தொழில் அல்ல.

"இரு. விட்டுக்குடுக்கதுக்கு நீ ஆரு? இருக்கதையில்லா சொல்லணும்? குழாய் விழுந்துக்கிட்டு இருக்கு. அலை அடங்கட்டும்."

அலை அடங்கும்வரை ஏணியில் நின்றோம். அப்போதுதான் அந்தப் பாலத்தடியில் நடந்ததைச் சொன்னார். ஒருநாள் அவர் ஒரு எண் சொல்ல, பாய் அதற்கு இரண்டு சென்டிமீட்டர் குறைத்துச் சொன்னாராம். அந்த நேரம் இரண்டு நாட்டுப் பேச்சும் கசந்து கிடந்தது. எதையும் விட்டுக்கொடுக்காதே என்று இரண்டு பேருக்கும் மேலிடத்து உத்தரவு. முழங்கால் தண்ணீரில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். பிறகு பார்த்தால், சற்று முன்னால் ஒரு படகு போயிருக்கிறது. அலை அடங்கினபோது அளவு இரண்டு எண்ணுக்கும் நடுவில் நின்றது.

"ரெண்டு நாடு ஆத்துக்குச் சண்டை போடுகது தண்ணிக்குன்னு நினைக்கியா? பாதிச் சண்டை அடுத்தவன் சொல்லுத நம்பருக்கு. அதை அவன் கூட நின்னு பாத்துட்டா மிச்சம் பாதிச் சண்டைதான். அதை மந்திரிமாரு போட்டுக்கிடட்டும்."

அந்தக் கோடை முழுவதும் இரண்டு தரப்பும் தேவைக்கு மேல் பேசக்கூடாது என்று உத்தரவாம். எண்ணை மட்டும் சொல்வார்கள், எண்ணை மட்டும் திருப்பிச் சொல்வார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரிவார்கள். ஒருநாள் அளவு முடிந்ததும் பாய் ஒன்றும் சொல்லாமல் ஒரு பொட்டலத்தைப் படகில் வைத்துவிட்டுப் போனார். ஆற்று மீன். சுற்றியிருந்த அவர்கள் ஊர்ப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் நம்மைத் தண்ணீர்த் திருடர்கள் என்று போட்டிருந்தது. அண்ணாச்சிக்கு அதற்குள் வங்காளம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும்.

"முழுசா வாசிச்சேன்" என்றார். "மீன் நல்லாருந்து."

தொட்டியில் அலை அடங்கியது. நாற்பத்துமூன்றுதான் சரி. நான் பார்த்தேன், சொன்னேன், கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

இனி சர்க்கரைக்கு வருகிறேன். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பின்னால்தான். ஆனால் உங்களுக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்காது.

பாய்க்கு நீண்ட நாளாக நீரிழிவு. அது கண்ணைப் பிடித்துவிட்டது. ஒரு கண் போய்விட்டது, மற்றதில் மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒருநாள் காலை மீட்டரில் வந்த மூன்றை எட்டு என்று வாசித்து, அதற்குத் தக்கபடி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டு, குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். மருமகள் பார்த்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. நமக்கு ஏழு மணி, அவர்களுக்கு ஏழரை. வீடியோவில் அண்ணாச்சி அழைப்பார். பாய் விரலைக் குத்தி, மீட்டரைப் போனுக்கு நேரே பிடிப்பார். இருவரும் பார்ப்பார்கள், சொல்வார்கள், திருப்பிச் சொல்வார்கள், தத்தம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் ஊசி. ஊசிக்குப் பிறகுதான் சாப்பாடு.

மருமகள் பக்கத்திலேயே இருக்கிறாளே, அவள் வாசித்துச் சொன்னால் ஆகாதா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆகாது. ஏனென்றால் அவள் அவர்கள் தரப்பு.

இது ஒன்றும் தெரியாத நான் மாடியில் படுத்திருப்பேன். ஜன்னல் வழியாகக் காலை ஏழு மணிக்குக் கீழேயிருந்து வரும்: "ஒன். த்ரீ. எய்ட். ரிப்பீட்." சிறிது அமைதி. "ஒன். த்ரீ. எய்ட். நோட்டட். சைன்ட்." பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ ஒரு பாஷை. பிறகு சிரிப்பு. அந்தச் சிரிப்பு கேட்டதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன்.

அந்த நாட்களில் டி.வி.யில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் எல்லை. வரைபடத்தில் அம்புக்குறிகள் பாய்ந்துகொண்டே இருந்தன. ஒரு சாயங்காலம் ஏணியில் நிற்கும்போது அண்ணாச்சியின் போன் அடித்தது. திரையில் எட்டு எட்டு பூஜ்யம் என்று தொடங்கும் எண். வெளிநாட்டு விருந்தாளிகளைப் பதிவேட்டில் எழுதிப் போலீசுக்குத் தகவல் கொடுப்பது என் பிழைப்பு. எந்த எண் எந்த நாடு என்று எனக்கு மனப்பாடம். இது வங்கதேசம்; பாலத்தடிப் பாய் என் நினைவுக்கே வரவில்லை. இறங்கும்போது ஏணியின் கடைசி இரண்டு படி காலில் படவே இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு வேற சோலி இல்லியா? அந்த மனுசன் வாழைக்கா வாங்கதுக்கே அரை மணிக்கூர் எடுக்காரு. உளவுக்காரனுக்கு அதுக்கு எங்க நேரம்?"

"அதான் தந்திரம்."

"அப்பம் நீங்க அவருகூட ஏணியில ஏறி நிக்கியள்ளா, ஒங்களையும் சேத்துல்ல பிடிப்பாவ?"

வேடிக்கைக்குச் சொன்னாள். எனக்கு அந்தக் கோணம் அதுவரை தோன்றியிருக்கவில்லை. தொட்டிக் கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருக்கிறது. வெறும் எண்கள், எதிரே அவர் கையெழுத்து, கீழே என் கையெழுத்து. அதைப் பார்க்கிற எந்த அதிகாரி தொட்டி என்று நம்புவார்? அன்று பிற்பகல் மூன்று தடவை கழிப்பறைக்குப் போனேன்.

லாட்ஜ் பதிவேட்டைப் பார்க்க வாரம் ஒருமுறை ஒரு போலீஸ்காரர் வருவார். நல்ல மனிதர். சாயா குடித்துக்கொண்டே, "எந்தா மேனேஜரே, முகத்தொரு வாட்டம்?" என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமில்லை என்றுதான் தொடங்கினேன். "ஒண்ணுமில்ல சாரே. ஒரு டவுட்டு."

அவர் சாயாக் கிளாசைக் கீழே வைத்தார். டவுட்டு வெளியே வந்தது. எண்கள் வந்தன, ரிப்பீட் வந்தது, எட்டு எட்டு பூஜ்யம் வந்தது. சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகி, நானும் ஒரு சாயா குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. மனைவியும் மகளும் முந்தின நாளே ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோயில் போயிருந்தார்கள். ஆறரை மணிக்குக் கேட் திறக்கிற சத்தம். ஜன்னல் திரையை விரலளவு விலக்கிப் பார்த்தேன். சீருடை இல்லாத இரண்டு பேர். நிற்கிற நிலையிலேயே தெரிந்துவிட்டது.

"சாரே, ஃபோனொந்நு வேணம். சின்ன வெரிஃபிகேஷன்" என்றார் இருவரில் மூத்தவர். குரலில் மரியாதை இருந்தது.

"தராம். ஏழு மணிக்கு ஒரு கால் உண்டு. அது கழிஞ்சு கொண்டு போங்க" என்றார் அண்ணாச்சி.

"பற்றில்ல சாரே. இப்பம் வேணம்."

"இருபத்தஞ்சு நிமிஷம். நீங்க கூட இருந்து பாருங்க. சாயா போடுதேன்."

மூத்தவர் முடியாது என்று தலையை அசைத்தார். கையை நீட்டினார்.

அண்ணாச்சி போனைக் கொடுக்கவில்லை. முதலில் போனின் அடையாள எண்ணைத் திரையில் வரவழைத்தார். பதினைந்து இலக்கம். அதை அவர் வாசிக்க, அந்த அதிகாரி திருப்பி வாசிக்க வேண்டும், அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அதிகாரி ஒரு இலக்கத்தை விட்டுவிட்டார். முதலிலிருந்து வாசித்தார்கள். உதவிக்கு வந்தவர் வாயை மூடிச் சிரித்தார். எல்லாம் முடிய ஆறே முக்கால் தாண்டிவிட்டது. அந்த நிமிடங்களை அவர் கெஞ்சுவதற்குச் செலவழித்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன். அவரால் முடியாது.

ஜீப் போனது. எதிர்வீட்டுக் கதவும் பக்கத்து வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டன. மாடிப்படியில் காலடி. பதின்மூன்று படி. ஒவ்வொன்றையும் எண்ணினேன்.

"தம்பி, ஒன் போனை ஒரு பத்து நிமிஷம் குடு. வெளிநாட்டுக்கு ஒரு கால். நெட்டு இருந்தாப் போதும், நம்பர் எனக்குத் தெரியும்."

என் வாய் தயாராக இருந்தது. பதினோரு நாள் ஒத்திகை. ஆனால் வந்தது இந்தி அல்ல.

"போனை ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் அண்ணாச்சி."

சட்டைப் பையில் போன் அடித்தது.

லாட்ஜிலிருந்து. இருநூற்று நாலாம் அறையில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல அடித்திருக்கிறார்கள். எடுக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. மணி முழுசாக அடித்து ஓயும்வரை இருவரும் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துணி வழியாக வெளிச்சம் வேறு விட்டுவிட்டு எரிந்தது.

"அலாரம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறு அம்பத்தஞ்சு. நீயும் பாரு."

பார்த்தேன். "ஆறு அம்பத்தஞ்சு."

"சரி" என்று இறங்கிப் போனார்.

ஐந்து நிமிஷத்தில் குடையும் நோட்டுமாகக் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார். சட்டையில் பொத்தான் ஒன்று தப்பி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர். நான் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு லாட்ஜில் இருந்தபோது அந்தப் பதிவேட்டுப் போலீஸ்காரர் கூப்பிட்டார். சிரிப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை.

"எடோ, ஷுகர். அது முழுவன் ஷுகர் ஆணு."

வங்கதேசத்தில் ஒரு சிநேகிதர், கண் தெரியாது, மூன்றை எட்டாக வாசித்து இன்சுலினைக் கூட்டிப் போட்டு ஒருமுறை குளியலறையில் விழுந்து, மருமகள் பார்த்ததால் பிழைத்தவர், இந்த சார் பார்த்துச் சொன்னால்தான் இன்சுலின் போடுவார், நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஸ்டேஷன் எழுத்தர் தன் சர்க்கரையைப் பற்றியும் அண்ணாச்சியிடம் கேட்டாராம்.

"போன் திருப்பிக் கொடுத்தாச்சா?" என்றேன்.

"எஸ்.ஐ. கோர்ட்டில் போயி. வந்து கையொப்பிட்டால் கொடுக்கும்."

"அப்ப இன்னைக்கு அவர் ஊசி?"

சிரிப்பு நின்றது. "அதறியில்ல" என்றார், அது தெரியாதாம்.

ஆட்டோவில் ஏறினேன். ஓவர்பிரிட்ஜ் பக்கம் வண்டிகள் அசையாமல் நின்றன. இறங்கி ஓடினேன். ஐம்பத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ. மக்கள் வழிவிட்டார்கள். மூன்றும் எட்டும். கூட்டிப் போட்டிருப்பார், குளியலறையில் கிடப்பார், மருமகள் எங்காவது கடைக்குப் போயிருப்பாள். இந்த ஒரு முறைதான் என் பீதிக்கு நியாயம் இருந்தது. ஆனால் எண் என்னிடம் இல்லை. நாட்டின் எண் தெரியும், ஆளின் எண் தெரியாது.

போலீஸ் ஸ்டேஷன் வராந்தாப் பெஞ்சில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. பொத்தான் அப்படியே. காலையில் தம்பானூர் முழுக்கப் பொதுத் தொலைபேசி தேடியிருக்கிறார். அந்தக் காலத்துப் பூத்துகளெல்லாம் இப்போது மொபைல் கவர் விற்கின்றன. இரண்டு கடையில் போனைக் கேட்டிருக்கிறார். வெளிநாடு என்றதும் கையை விரித்திருக்கிறார்கள். எட்டு மணியிலிருந்து இங்கே. இங்கேயும், எஸ்.ஐ. வரட்டும் என்ற பதில்தான்.

போனை நீட்டினேன்.

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரிப்பேரு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணாச்சி."

எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். நான் திருப்பிச் சொன்னேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. பாதியில் யாரோ துண்டித்தார்கள். தெரியாத எண் அல்லவா. மூன்றாவது முறை ஒரு பெண் முகம், பெரிதாக, திரை முழுக்க. அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. அண்ணாச்சியைக் கண்டதும் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பிறகு போனைத் திருப்பினாள்.

ஜன்னலோரம் நாற்காலி. அதில் ஒரு கிழவர், பனியன், லுங்கி. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் மீட்டர். பக்கத்து மேஜையில் ஊசி. அதற்கப்பால் ஒரு தட்டு, இன்னொரு தட்டால் மூடி.

இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "காலத்தேருந்து ஊசி போடல்ல. ஒண்ணும் திங்கவும் இல்ல. மருமக ரெண்டு தடவை வாசிச்சுச் சொல்லியிருக்கா. ஒத்துக்கிடல்ல."

"ஆறு மணி நேரமாவா?"

"பின்னே? ஒத்தைக்குப் பாத்ததை எங்ஙன எழுதுவான்?"

என்னைப் போனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு கையாலும் பிடித்தேன். பாய் விரலைக் குத்தினார். மீட்டரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் காட்டினார்.

"டூ. எய்ட். எய்ட்."

"டூ. எய்ட். த்ரீ" என்றார் அண்ணாச்சி.

எனக்கும் தெரிந்தது. கடைசி இலக்கத்தின் இடது பக்கம் திறந்திருந்தது. "மூணுதான் அண்ணாச்சி. நானும் பாத்தேன்."

"நீ மிண்டாத. நீ எங்க தரப்பு."

பாயின் கை நடுங்கிக்கொண்டிருந்தது, மீட்டரும் ஆடியது. மருமகள் குறுக்கே ஏதோ சொல்ல, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்கள். பாய் மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பார்க்கும்வரை காத்திருந்தோம். என் தோள் இற்றுவிடும்போல வலித்தது. வராந்தாவில் போன போலீஸ்காரர்களில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

"டூ" என்றார் பாய். "எய்ட்." நெடுநேரம். "த்ரீ."

"ரிப்பீட்."

"டூ. எய்ட். த்ரீ."

"நோட்டட்."

ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து மருமகள் தட்டைத் திறந்தாள். காலையில் சுட்ட ரொட்டி ஓரம் காய்ந்து வளைந்திருந்தது. அவர் முதல் துண்டை வாயில் வைத்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி" என்றேன். "போலீசுக்கு இதைச் சொன்னது…"

"இரு. ஏழு மணி வரி காலியாக் கிடக்கு."

நோட்டைப் பெஞ்சில் விரித்தார். அந்தப் பக்கம் பாயும் நோட்டை எடுத்துவைத்துக் கண்ணருகே குனிந்தார். எண் எழுதும் கட்டத்தில் இருவரும் ஒரு கோடு இழுத்தார்கள். பக்கத்தில் காரணம் எழுதும் கட்டம். அண்ணாச்சி ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, பாய் திருப்பிச் சொல்லி எழுதினார். நான் போனைப் பிடித்தபடி என் பெயர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

எழுதியது இவ்வளவுதான்: ஏழு மணி, கூட்டு அளவீடு நடக்கவில்லை. காரணம், இந்தியத் தரப்பில் தொலைபேசி இல்லை.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.